நடுச்சமுத்திரத்தில் ஊன்றிய கயிறும் நமது ஐப்பசி மழையும்

சென்ற புரட்டாசி மாதத்தில், செங்கற்பட்டுப் பகுதியில் ஏரிப் பாசனத்தில் நெல் பயிரிட்டுவரும் நண்பர் ஒருவர் சொந்தக் காரியமாகச் சென்னைக்கு வந்திருந்தார். எனக்குத் தரமணியில் ஓர் அலுவல் இருந்தமையால் அவரும் உடன் வந்தார். முன்னர் ஒரு சிறு கிராமமாக இருந்த தரமணி, இப்பொழுது கணிதம், வேளாண்மை, திரைப்படம் எனப் பல துறைகளின் ஸ்தாபனங்கள் நெருங்கிய இடமாகிவிட்டது. அங்கிருந்து தெற்கே சிறிது தூரத்தில், வேளச்சேரியிலிருந்து தாம்பரம் செல்லும் சாலையில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்துத் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. 1993-ம் வருஷத்தில் நிறுவப்பட்ட அக்கழகத்தார் கடலில் அளவைக் கருவிகளோடு மிதவைகளைக் கட்டிவைத்துக் காத்துவருகின்றனர் என்றும், கோவாவிலுள்ள தேசிய கடலாய்வு நிறுவனத்தார் பூமத்திய ரேகையின் மேலேயே அடித்தளம் வரை கயிறு இறக்கி ஆழ்கடல் நீரோட்டத்தை அளந்துவந்திருக்கின்றனர் என்றும் நான் அவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, எங்கள் ஏரியின் மதகு பழுதாகி மூன்று வருஷமாகிறது. அதற்குப் பணமில்லை என்கிறார்கள். நடுச்சமுத்திரத்தின் அடியிலே தண்ணீர் கிழக்கே ஓடினால் எனக்கென்ன, மேற்கே ஓடினால் எனக்கென்ன?" என்றார்.

அக்கேள்வி நியாயமானது. நான் அன்று சொன்ன பதில் எனக்கே திருப்தியளிக்கவில்லை. ஆகையால் அதனை ஆற அமர எழுத முற்படுகிறேன். என் அபிப்பிராயம் யாதெனில், பூமத்திய ரேகையில் கயிறு ஊன்றும் செலவு வேளாண்மைச் செலவே. விதைப் பண்ணைக்கும் மண் பரிசோதனைக்கும் ஆகும் செலவோடு அதனையும் வைத்து எண்ண வேண்டும். அது ஒரு வருஷங்கூட இடைவிடாமல் நடைபெறும்படி குடியானவர்களே கேட்க வேண்டும் என்பதாம். மதகைப் பழுது பார்ப்பதற்கு இது பதிலாகாது. மதகு மதகுதான்.

முதலில் அக்கயிறு இன்னதென்று கூறவேண்டும். கன்னியாகுமரிக்கு நேர் தெற்கே ஏறத்தாழ 900 கிலோமீட்டர் சென்றால் பூமத்திய ரேகை வரும். அங்கே கடலின் ஆழம் நாலு கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. கப்பலிலிருந்து பாரமான நங்கூரம் ஒன்றை இறக்கி, அதனோடு கம்பிக் கயிற்றைப் பிணைத்து, கயிற்றின் மேல்முனையில் மிதவைகளைக் கட்டிவிடுவர். மிதவை மேலே இழுக்க, நங்கூரம் கீழே பிடிக்க, கயிறு நெட்டுக்குத்தாக நிற்கும். அதில் நூறு மீட்டர், ஆயிரம் மீட்டர், நாலாயிரம் மீட்டர் என வேண்டிய ஆழங்களில் நீரோட்டமானிகளைப் பொருத்தியிருப்பர். சிலவற்றில் காற்றாடிபோல் சுழலும் உறுப்பு உண்டு. சில, நீருக்குள் ஒலியை எழுப்பி, நீரோடு நகரும் நுண்ணிய துகள்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் மாறுபாட்டைக்கொண்டு நீரின் வேகத்தையும் திசையையும் அறிவன. நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 400 கிலோகிராம் பாரம் அழுத்தும். அப்பாரத்தைத் தாங்கி, இருளிலும் குளிரிலும் ஒரு வருஷமோ அதற்கு மேலோ அக்கருவி மணிதோறும் கணக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆழ்கடல் நீரோட்டத்துக்கென்று இடும் கயிறுகளில் மேல்மிதவையும் நீர்மட்டத்துக்கு வெகு கீழேயே நிறுத்தப்படுவதுண்டு. கடலின் மேலே பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அலையும் கப்பலும் அதனைத் தொடா என்பது இதிலுள்ள லாபம். நஷ்டமும் உண்டு: நீருக்கடியிலிருந்து செய்தி அனுப்ப இயலாதாகையால், எழுதிய கணக்கெல்லாம் கருவியின் உள்ளேயே தங்கும். காலம் முடிந்ததும் கப்பல் அவ்விடத்துக்கே மீண்டும் சென்று, நீருக்குள் ஒரு குறிப்பிட்ட ஒலியை அனுப்பும். அவ்வொலியைக் கேட்டு நங்கூரத்துக்கு மேலுள்ள கொக்கி விட்டுக்கொடுக்க, கண்ணாடிக் கோளங்களின் மிதவையால் கயிறு முழுவதும் மேலே எழும். கொக்கி திறவாவிடினும், கயிறு அறுந்துபோயினும், அவ்வருஷத்துக் கணக்கு முழுவதும் கடலோடு போயிற்று. விளைந்த நெல்லைக் களத்தில் அடிக்கும் வரையில் விளைவு இவ்வளவென்று அறியாத நிலையை நமது சாகுபடியாளர் அறிவர். அக்கப்பலில் நிற்பவர் நிலையும் அதுவே.

இனி, பூமத்திய ரேகையை ஏன் தேடிப் போகவேண்டும்? பூமி சுழல்வதனால் வடபாதியில் ஓடும் நீர் வலப்புறமாகவும், தென்பாதியில் ஓடும் நீர் இடப்புறமாகவும் விலகும். ரேகையின் மேல் இவ்விலகல் இல்லை. ஆகவே காற்று எத்திசையில் தள்ளுகிறதோ அத்திசையிலேயே நீர் நேராக ஓடுகிறது. கிழக்கு நோக்கி ஓடும் நீர் சற்று விலகினாலும் இருபுறத்து விலகலும் அதனை ரேகைக்கே திருப்புகிறது. இருபுறமும் கரை கட்டிய வாய்க்காலைப் போன்றது அது. வேறெங்கும் பரந்து மெலியும் ஓட்டம் இங்கே ஒடுங்கி விரைகிறது.

இந்து மகா சமுத்திரத்தில் இவ்வாய்க்காலின் நடத்தை விசேஷமானது. பசிபிக், அட்லாண்டிக் சமுத்திரங்களில் ரேகையின்மீது வருஷத்தின் பெரும்பகுதி கிழக்கிலிருந்து காற்று வீசுகிறது. மேல்நீருக்கு அடியில் கிழக்கு நோக்கி ஓடும் ஓர் உள்ளோட்டம் அங்கே நிரந்தரமாக உண்டு. நமது சமுத்திரத்திலோ பருவக்காற்று ஆண்டுக்கு இருமுறை திசை மாறுவதால், அவ்வுள்ளோட்டம் சில மாதங்களில் தோன்றி மறைகிறது. தென்மேற்குப் பருவத்துக்கும் வடகிழக்குப் பருவத்துக்கும் இடைப்பட்ட இரு காலங்களில், அதாவது சித்திரை வைகாசியையும் ஐப்பசி கார்த்திகையையும் ஒட்டி, ரேகையின்மீது மேற்கிலிருந்து காற்று வீச, மேல்நீர் கிழக்கு நோக்கி நொடிக்கு ஒரு மீட்டர் அளவு விரைந்தோடுகிறது. மனிதன் நடக்கும் வேகம் அது. அவ்வேகத்தில் சுமத்ராத் தீவை நோக்கிப் போகும் வெதுநீரின் அளவு எண்ணிப் பார்க்கத்தக்கது. 1973-ம் வருஷத்தில் கிளாஸ் விர்ட்கி என்னும் அறிஞர் இதனை எடுத்துக்காட்டினார். அதனால் விர்ட்கி ஓட்டம் என்றே பெயர். அவரிடம் அப்போது இருந்தது கப்பல்கள் தத்தம் வழியிலிருந்து எவ்வளவு விலகின என்ற பழைய மாலுமிக் கணக்குகளே. 1973 முதல் 1975 வரை மாலத்தீவின் தென்கோடியிலுள்ள கன் தீவருகில் நாக்ஸ் என்பவர் நீரோட்டத்தை அளந்தார். 1993-94-ல் ஜெர்மானியர் இலங்கைக்குத் தெற்கே ரேகை வரை கயிறுகளை ஊன்றி ஒரு வருஷத்துக்குச் சற்று மேற்பட்ட கணக்கு எடுத்தனர். 2000-ம் வருஷம் முதல் நமது கோவா நிறுவனத்தார் ரேகையின்மீது கிழக்குத் தீர்க்கரேகை 77, 83, 93 பாகைகளில் ஆழ்கடல் கயிறுகளை ஊன்றலாயினர். முதலாவது ஏறத்தாழக் கன்னியாகுமரிக்கு நேரே. இரண்டாவது விசாகப்பட்டினத்துக்கு நேரே. மூன்றாவது நிக்கோபார்த் தீவுகளுக்குத் தெற்கே.

இதற்கும் செங்கற்பட்டு ஏரிக்கும் என்ன சம்பந்தம்? தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அக்காலத்துக்குச் சற்று முன்பே சமுத்திரத்தின் வெதுநீர் எப்பக்கம் சேர்ந்திருக்கிறது என்பது நமக்கு மிகவும் முக்கியம். சில வருஷங்களில் ரேகையின்மீது மேல்காற்று தளர்ந்து, விர்ட்கி ஓட்டம் வலுவிழந்து, சுமத்ராவின் அருகே அடிக்குளிர்நீர் மேலெழும். ஆப்பிரிக்காவை அடுத்த மேற்குப் புறத்தில் வெப்பம் மிகும். வேறு சில வருஷங்களில் இது தலைகீழாகும். 1999-ம் வருஷத்தில் சாஜி, கோஸ்வாமி, வினயச்சந்திரன், யமகாதா என்னும் நால்வர் இதனை இந்து மகா சமுத்திர இருமுனை நிலை என்று பெயரிட்டு விளக்கினர். மேற்கு வெதும்பும் நிலையை நேர்நிலை என்றும் கிழக்கு வெதும்பும் நிலையை எதிர்நிலை என்றும் கூறுவர். நேர்நிலை வருஷங்களில் நமது ஐப்பசி மழை மிகுவதும், எதிர்நிலையில் குறைவதும் பலமுறை காணப்பட்டிருக்கிறது.

அண்மையில் அடுத்தடுத்து வந்த இரு வருஷங்களை வாசகர்கள் மறந்திரார். 2015-ல் பசிபிக்கில் எல் நினோவும் நமது சமுத்திரத்தில் நேர்நிலையும் ஒருங்கே இருந்தன. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிடப் பாதிக்கு மேல் மிகுந்தது. டிசம்பர் 2-ம் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. மறுவருஷம் 2016-ல் வலுவான எதிர்நிலை. பருவமழை வழக்கத்தைவிட நூற்றுக்கு 62 பங்கு குறைந்துபோயிற்று. சம்பா கருகியது, 2017 ஜனவரியில் ராஜ்யம் முழுவதும் வறட்சி பாதித்ததாகச் சர்க்கார் அறிவிக்க வேண்டியதாயிற்று. நண்பரும் அவ்வருஷத்தில் இரண்டுமுறை நாற்று விட்டு, இரண்டையும் இழந்தார்.

இவ்விரு வருஷங்களையும் காட்டி, கடலைப் பார்த்தால் மழையைச் சொல்லிவிடலாம் என்று நான் கூறினால் அது வாசகர்களை ஏமாற்றுவதாகும். 2010-ம் வருஷமும் எதிர்நிலை வருஷமே. எனினும் அவ்வாண்டு நமக்கு வடகிழக்கு மழை மிகுதியாகவே பெய்தது. ஒன்றுக்கொன்று பின்னிய பல காரணங்களில் இது ஒன்று. மற்றவை இதனைத் தாங்குவதும் உண்டு, தள்ளிவிடுவதும் உண்டு. அத்தகைய பின்னலைப் பிரித்தறிவதற்கு இரண்டு மூன்று வருஷத்துக் கணக்குப் போதாது. இருபது முப்பது வருஷத்துக் கணக்கு வேண்டும். என் வாதமெல்லாம் இதிலேதான் நிற்கிறது.

மேல்நீரைப் பார்த்தால் போதாதா, நாலாயிரம் மீட்டருக்கு ஏன் இறங்கவேண்டும் என்று ஆராய்ச்சியாளரே சிலர் கேட்பதுண்டு. வயலின் குணத்தை மேல்மண்ணை மட்டும் கிள்ளிப் பார்த்து முடிவு செய்பவனை நாம் நல்ல உழவன் என்பதில்லை. குழி வெட்டிப் பார் என்போம். கடலும் அவ்வாறே. 1976-ல் லைட்டன், ஸ்வாலோ என்போர் நமது சமுத்திரத்தின் மேற்குப் பகுதியில் ரேகையின்கீழ் அளந்தபோது, ஒன்றன்கீழ் ஒன்றாக எதிரெதிர்த் திசைகளில் ஓடும் நீர்ப்படலங்களைக் கண்டனர். அதற்கு முன் ஆழ்நீர் ஏறக்குறைய அசையாதிருப்பது என்றே பலரும் எண்ணியிருந்தனர். ஆழத்தின் ஓட்டம் மெதுவானதே. நொடிக்குச் சில சென்டிமீட்டர், எறும்பின் நடை. ஆயினும் மேலே காற்று கொடுக்கும் உந்துதல் அலைகளாகக் கீழே இறங்கி அங்கே செலவாகிறது. அவ்வரவு செலவு தெரியாமல் மேல்நீரின் கணக்கும் சரியாகாது.

நமது கயிறுகள் இவ்விஷயத்தில் ஓர் அரிய செய்தியைத் தந்தன. ரேகையின்மீது நீர், கிழக்கு மேற்காக மட்டுமன்றி, வடக்கும் தெற்குமாக ஏறத்தாழப் பதினான்கு நாட்களுக்கொரு முறை ஊசலாடுகிறது. அவ்வூசலாட்டம் மேலே காற்றில் உண்டாகும் ஏற்றத்தாழ்வினால் எழுந்து ஆழத்துக்கு இறங்குகிறது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த தேவாசிஷ் சென்குப்தாவும் கடலாய்வு நிறுவனத்தாரும் இதனை 2004-ம் வருஷத்தில் வெளியிட்டனர். பருவமழை பத்துப் பதினைந்து நாள் பெய்து, பத்துப் பதினைந்து நாள் ஓய்ந்து வருவதைக் கிராமத்தில் எல்லோரும் அறிவர். அந்தக் காற்றின் தாளம் நடுச்சமுத்திரத்து ஆழ்நீரிலும் பதிந்திருக்கிறது என்பதே அச்செய்தி. இதனைக்கொண்டு அடுத்த பட்சத்து மழையைச் சொல்ல முடியாது. இக்காலத்தில் பருவ முன்னறிவிப்புக்குக் கடலையும் காற்றையும் ஒன்றாக வைத்துக் கணக்கிடும் முறைகளையே நமது வானிலைத் துறையார் கையாளுகின்றனர். அக்கணக்கிலுள்ள கடல் உண்மைக் கடல்போல் நடக்கிறதா என்று சோதிக்க உண்மைக் கடலின் அளவு வேண்டுமே. அதனை இக்கயிறு தருகிறது. தரப்படுத்தாத மரக்காலைக்கொண்டு நெல்லளப்பவன் கூலிக்காரனையும் ஏமாற்றுவான், தன்னையும் ஏமாற்றிக்கொள்ளுவான்.

தூரத்து அளவுகளில் நமது மழையைத் தேடும் முயற்சி புதிதன்று. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைச் சூறையாடிய பெரும் பஞ்சத்துக்குப் பின்னரே மழையை முன்னறியும் முயற்சி இந்நாட்டில் வலுப்பெற்றது. 1904 முதல் 1924 வரை வானிலைத் துறையின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர், தென் அமெரிக்காவின் காற்றழுத்தத்தையும் ஆஸ்திரேலியாவின் காற்றழுத்தத்தையும் இந்தியாவின் மழையோடு ஒப்பிட்டபோது, அதனைக் கேலி செய்தவர் இருந்திருக்கக்கூடும். இன்று எல் நினோ என்ற சொல் மளிகைக்கடையிலும் வழங்குகிறது. வாக்கருக்கு அது இயன்றது, பல தேசங்களில் பலர் பல வருஷங்கள் இடைவிடாது அளந்து எழுதி வைத்திருந்தமையால். சென்னையிலும் 1813 முதல் மழைக்கணக்கு உண்டு.

என் நண்பரிடமும் ஒரு மழைக்கணக்கு இருக்கிறது. அவருடைய தகப்பனார் தொடங்கிய நோட்டு. அதில் ஏரி நிரம்பிய நாளும், கலங்கல் வழிந்த நாளும், மழைமானி வாங்கிய பிறகு பெய்த மழையின் அளவும் குறிக்கப்பட்டிருக்கின்றன. நடுவில் இரண்டு வருஷம் தகப்பனார் நோயுற்றிருந்தமையால் ஏடு வெறுமையாக இருக்கிறது. அவற்றில் ஒன்று கரை உடையுமோ என்று ஊர் விழித்திருந்த வருஷமாம். எவ்வளவு பெய்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்லுகிறார்கள். அவ்வேட்டை இனி எவராலும் நிரப்ப முடியாது.

இதேபோன்றது ஒன்று பசிபிக் சமுத்திரத்தில் நிகழ்ந்தது. 1982-83-ல் வந்த பெரிய எல் நினோவை, அது முற்றிய பின்னரே உலகம் அறிந்தது. அவ்வவமானத்தால் விழித்துக்கொண்டு, ரேகையை ஒட்டி ஏறத்தாழ எழுபது மிதவைகளைக் கட்டி, 1994-ல் அவ்வேலையை முடித்தனர். பிறகு பணத்தைக் குறைத்தனர். மிதவைகளைப் பராமரித்த கப்பல் 2012-ல் ஓய்வு பெற்றது. 2014-ம் வருஷத் தொடக்கத்துக்குள் அவற்றினின்று கிடைக்கும் செய்தி நூற்றுக்கு நாற்பது அளவுக்கு இறங்கிவிட்டது. பின்னர் சீர்செய்தனர்; ஆனால் அளவாத நாட்கள் அளவாத நாட்களே. செல்வம் மிக்க தேசத்திலேயே இந்நிலையாயின், நாம் எவ்வளவு விழிப்பாயிருக்க வேண்டும்! நமது சமுத்திரத்தில் இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், இந்தோனேசியா முதலிய தேசங்கள் 2004 முதல் கூட்டாக மிதவை வரிசை ஒன்றை அமைத்துவந்தன. முதலில் 46 இடங்களுக்குத் திட்டமிட்டு, பின்னர் அதனைச் சுருக்கிக்கொண்டனர். பல தேசத்தார் கூடிச் செய்யும் காரியத்தில் ஒருவர் கப்பல் தாமதித்தால் மற்றவர் கணக்கும் நின்றுபோகும். நம் வாசலில் உள்ள கடலுக்கு நாமே முதற்பொறுப்பாளராயிருத்தல் தகும்.

பணக்குறைவு ஒருபுறமிருக்க, மனிதர் கையாலும் கேடு உண்டு. நீர்மட்டத்தில் மிதக்கும் மிதவையின் நிழலில் மீன்கள் கூடும். மீன் கூடும் இடத்துக்குப் படகு வராமலிராது. மிதவையில் படகைக் கட்டுவதாலும் வலை சிக்குவதாலும் கருவிகள் சிதைகின்றன. மின்கலங்களையும் சூரிய ஒளித் தகடுகளையும் கழற்றிச் செல்வோரும் உண்டு. இது எல்லாச் சமுத்திரங்களிலும் உள்ள தொல்லை. நம் கரையோரத்தவரை மாத்திரம் குறைகூறுவதில் நியாயமில்லை. கடலோட்டத்தை நீவாடு என்றும் வெள்ளம் என்றும் பெயரிட்டு, அதன் திசையறிந்து வலை வீசும் நமது மீனவர், அவ்வோட்டத்தையே அளக்கும் கருவியைப் பகைக்கக் காரணமில்லை. அது யாருடையது, எதற்கு என்று அவர்களுக்கு எவரும் அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்லாததே பெரும் குறை. கடல் தொழில்நுட்பக் கழகத்தார் கரையோர ஊர்களில் இதுபற்றிப் பேசிவருகின்றனர். அது இன்னும் பலமடங்கு நடைபெற வேண்டும்.

சொல்லாத குறை வயலுக்கும் பொருந்தும். இக்கயிறுகளைப்பற்றிய கட்டுரைகள் வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் ஆங்கிலத்தில் வெளிவருகின்றன. குடியானவருக்கு எட்டுவது மழை மிகும் அல்லது குறையும் என்ற ஒரு வரியே. ஏன் என்றும், எவ்வளவு நிச்சயம் என்றும் அவர் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. சென்ற முறை பொய்த்ததேன் என்பதையும் எவரும் விளக்குவதில்லை. காரணம் அறியாத வாக்கை ஒருமுறை பொய்த்தவுடன் ஜனங்கள் கைவிடுவது இயல்பு. 1998-ல் தரமணியிலுள்ள சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் அறிவு மையங்களை ஏற்படுத்தத் தொடங்கினர். வீராம்பட்டினத்தில் அலையின் உயரத்தைத் தூரதேசத்துக் கணக்கிலிருந்து எடுத்து, ஒலிபெருக்கி மூலம் தமிழில் ஊருக்கு அறிவித்தனர். கட்டுமரத்தை இறக்குவதா வேண்டாமா என்று அதைக் கேட்டு முடிவு செய்தவர் அநேகர். அலைக்குச் செய்தது நீரோட்டத்துக்கும் மழைக்கும் செய்யக்கூடியதே.

ஆகவே வேளாண்மைத் துறையார் ஆண்டுதோறும் ஆவணி மாதத்தில், நாற்று விடுமுன், ஒரு பக்கத்தில் ஓர் அறிக்கை வெளியிட வேண்டுமென்று கோருகிறேன். ரேகையின்மீது மேல்காற்று எவ்வாறிருக்கிறது, வெதுநீர் கிழக்கே சேர்ந்திருக்கிறதா மேற்கே சேர்ந்திருக்கிறதா, இதுபோன்ற முந்திய வருஷங்களில் அவ்வந்த ஜில்லாவில் எத்தனை முறை மழை மிகுந்தது, எத்தனை முறை ஏமாற்றிற்று என்பவை அதில் தமிழில் இருத்தல் வேண்டும். எந்த மிதவையிலிருந்து செய்தி வரவில்லை என்பதையும் மறைக்காமல் குறிக்க வேண்டும். நீண்ட காலச் சம்பா விதைப்பதா, குறுகிய கால ரகத்தை நாடுவதா என்பதைச் சாகுபடியாளரே தீர்மானித்துக்கொள்வார்.

நண்பர் ஊருக்குத் திரும்பும்போது, 2000-ம் வருஷம் முதல் தமது நோட்டிலுள்ள ஐப்பசி, கார்த்திகை மழைக்கணக்கைப் படியெடுத்து அனுப்புவதாகச் சொன்னார். அதற்கு எதிரே அவ்வவ்வருஷத்துச் சமுத்திரத்தின் நிலையை எழுதித் திருப்பியனுப்ப நான் இசைந்திருக்கிறேன். மதகு விஷயமாகத் தாலுகா அலுவலகத்துக்கு ஒரு மனுவும் எழுதித் தரும்படி கேட்டார். அதனையும் எழுதிக் கொடுத்தேன்.